மூட்டு வீக்கத்துக்குத் தொப்புளில் காவல்

பிறந்து ஒரு வாரமோ பத்து நாளோ ஆன கன்று திடீரென்று காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. முன்னங்கால் முட்டி உருண்டு திரண்டு நிற்கிறது. "தாய் மிதித்திருக்கும்", "துள்ளி விளையாடும்போது சுளுக்கியிருக்கும்" என்று வீட்டார் முடிவு செய்கிறார்கள். விளக்கெண்ணெய் தடவுகிறார்கள், புளிப் பத்து போடுகிறார்கள், அதிலும் அடங்காவிட்டால் காய்ச்சிய இரும்பால் சூடு இழுக்கிறார்கள். இதற்குள் நான்கைந்து நாட்கள் ஓடிவிடுகின்றன. கன்று பிழைத்தாலும் முடமாகிறது. பல சமயம் பிழைப்பதும் இல்லை.

இது சுளுக்கு அன்று. பாக்டீரியா என்னும் நுண்கிருமிகள் மூட்டுக்குள் புகுந்து சீழ் பிடிக்கச் செய்யும் நோய். கிருமி மூட்டுக்கு வந்து சேர்வது பத்தாவது நாளாக இருக்கலாம். ஆனால் உடலுக்குள் அது நுழைந்தது பெரும்பாலும் கன்று பிறந்த இரவிலோ அதற்கு அடுத்த ஓரிரு நாட்களிலோதான். நுழைந்த வாசல் தொப்புள். ஆகவே இந்நோய்க்கான உண்மையான வைத்தியம் மூட்டில் செய்வது அன்று, தொப்புளில் செய்வது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அந்த வைத்தியத்துக்குத் தேவையான ஒரு சிறு குப்பி மருந்து, சினை மாடும் சினை ஆடும் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வழி செய்ய வேண்டும் என்பது எனது கோரிக்கை.

போடிப் பகுதியில் ஏன் இந்தப் பேச்சு?

போடிநாயக்கனூரிலும், அதைச் சுற்றியுள்ள சிலமலை, இராசிங்காபுரம், தேவாரம் முதலிய ஊர்களிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்களில் பெண்கள் விடியுமுன் எழுந்து, ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலை மேல் உள்ள ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கிறார்கள். வீடு திரும்ப மாலையாகிவிடும். இக்குடும்பங்களில் பலவற்றுக்கு இரண்டு மூன்று வெள்ளாடுகளோ ஒரு கறவை மாடோதான் சேமிப்பு. பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் கைகொடுப்பது ஒரு கிடாக்குட்டியின் விலை.

ஆடு இரவில் குட்டி போடுகிறது. விடிவதற்குள் வேலைக்குக் கிளம்ப வேண்டியவர், குட்டி எழுந்து நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். பகல் முழுவதும் ஈரத் தொப்புளோடு அந்தக் குட்டி சாணியிலும் மூத்திரத்திலும் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொட்டத்துத் தரை காய்வதே இல்லை. குரங்கணி, கொட்டகுடி போன்ற மலையடி ஊர்களிலும் மேலே மெட்டுப் பகுதியிலும் பனியும் சாரலும் சேர்ந்துகொள்கின்றன. கிருமி பெருக இதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை.

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். தேனி மாவட்டத்து மலைமாடுகள் காலங்காலமாக மலைச்சரிவில் மேய்ந்து, புல்தரையிலேயே கன்று ஈன்று வந்தன. 2021-ல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022-ல் காடுகளில் மேய்ச்சல் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவும் வந்தது. மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்க மாடுகள் ஒரே இடத்தில் நெருக்கமாக அடைபடுகின்றன. வனப் பாதுகாப்பின் நியாயம் தனி விஷயம். நெருக்கிக் கட்டிய இடத்தில் பிறக்கும் கன்றுக்குப் புல்தரையில் பிறந்த கன்றைவிடத் தொப்புள் கவனிப்பு அதிகம் தேவை என்பது மட்டும் நிச்சயம்.

கிருமி போகும் வழி

கருவில் இருக்கும்போது கன்றுக்கு உணவும் பிராண வாயுவும் தொப்புள்கொடி வழியாகவே செல்கின்றன. அக்கொடியில் உள்ள இரத்தக் குழாய்களில் ஒன்று நேரே ஈரலுக்குப் போகிறது. பிறந்ததும் கொடி அறுந்துவிடுகிறது. ஆனால் அது காய்ந்து சுருங்கச் சில நாட்கள் ஆகும். அதுவரை அது திறந்து கிடக்கும் கதவு. சாணத்திலும் சேற்றிலும் வாழும் ஈ.கோலி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் அதன் வழியே ஏறி இரத்தத்தில் கலக்கின்றன.

இரத்தத்தில் கலந்த கிருமி மூட்டுகளில் தங்குவதற்குக் காரணம் உண்டு. மூட்டின் உட்புறச் சவ்வில் மெல்லிய இரத்த நாளங்கள் அடர்த்தியாக உள்ளன. வளரும் கன்றின் எலும்பு முனைகளில் இரத்தம் மெதுவாக ஓடுகிறது. அங்கே கிருமி எளிதில் படிந்துவிடும். அதை எதிர்க்க உடல் சீழைச் சேர்க்கிறது. அந்தச் சீழிலிருந்து வெளிப்படும் பொருள்களே மூட்டின் வழுவழுப்பான குருத்தெலும்பை அரித்துவிடுகின்றன. குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது. அரிக்கப்பட்டது மீண்டும் பழையபடி வளராது. ஆகவேதான் இந்நோயில் ஒவ்வொரு நாளும் கணக்கு. முதல் நாளில் தொடங்கும் சிகிச்சைக்கும் ஐந்தாம் நாளில் தொடங்கும் சிகிச்சைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

அடையாளம் காண்பது எப்படி?

கன்றும் குட்டியும் பிறந்த முதல் மாதத்தில், தினமும் மாலையில் வேலையிலிருந்து திரும்பியதும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். இரு கைகளாலும் இரண்டு முன்னங்கால் முட்டிகளை ஒரே நேரத்தில் தொட்டுப் பாருங்கள். பிறகு பின்னங்கால் முட்டிகள், பிறகு கணுக்கால்கள். ஒரு பக்கம் பருத்தோ சூடாகவோ இருந்தால் உடனே கைக்குத் தெரிந்துவிடும். அடுத்துத் தொப்புளைத் தொட்டுப் பாருங்கள். நல்ல தொப்புள் நாளுக்கு நாள் காய்ந்து குச்சி போல மெலியும். விரல் போலத் தடித்து, ஈரமாக, துர்நாற்றத்துடன், தொட்டால் கன்று வயிற்றை எக்கும்படி இருந்தால் அங்கே சீழ் பிடித்துள்ளது என்று பொருள். மூட்டு வீங்குவதற்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கை இது.

நோய் கண்ட கன்று பால் குடிக்கும் ஆர்வத்தை இழக்கும், எழுப்பினால்தான் எழும், நின்றால் ஒரு காலைத் தரையில் ஊன்றாது. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 104 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காட்டலாம். வெயிலில் நின்ற ஆட்டுக்கு வெப்பம் இயல்பாகவே கூடும். எனவே காலை வேளையில் பார்ப்பது நல்லது. நோய் முற்றிய நிலையில் காய்ச்சல் இல்லாமலும் போகலாம். காய்ச்சல் இல்லை என்பதற்காக வீக்கத்தை அலட்சியப்படுத்தக் கூடாது.

வேறு சில நோய்களிலும் கால்நடைகள் நொண்டும். கோமாரியில் வாயிலும் குளம்பிடையிலும் புண் இருக்கும். சப்பை நோய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட மாடுகளில் வரும். தொடையோ தோளோ வீங்கும். அழுத்தினால் நறநறவென்று சத்தம் கேட்கும். மழைக்கால ஆடுகளின் குளம்பு அழுகலில் வலி குளம்பில் இருக்கும், முட்டியில் இராது. எலும்பு முறிவில் ஒரு கால் மட்டும் பாதிக்கப்படும். மற்றபடி கன்று பால் குடிக்கும். ஆனால், பிறந்து ஒரு மாதத்துக்குள், சூடான வீக்கம், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகளில் என்றால், அது கிருமியால் வந்த மூட்டு நோய் என்றே கொண்டு செயல்பட வேண்டும்.

செய்யக் கூடாதவை

சூடு போடுவது மூட்டுக்குள் உள்ள கிருமியைத் தொடுவதில்லை. மேல்தோலில் இன்னொரு புண்ணை உண்டாக்குகிறது. ஈ மொய்த்துப் புழு வைக்கிறது. வலிக்கும் மூட்டை அழுத்தி எண்ணெய் தேய்ப்பதும், பிசகு எடுப்பதாக இழுப்பதும் சவ்வைச் சிதைக்கும். கட்டி என்று எண்ணி மூட்டைக் கீறிவிடுவது எல்லாவற்றிலும் கொடுமை. மூட்டு திறந்துவிட்டால் மேலும் கிருமிகள் புகும்.

மருந்துக் கடையில் கேட்டு ஒரே ஒரு ஊசி வாங்கிப் போடுவதும் தவறு. ஒரு ஊசியில் காய்ச்சல் தணியும், கன்று சற்றுத் தலை தூக்கும், வீட்டார் நிறுத்திவிடுவார்கள். மூட்டுக்குள் மிஞ்சிய கிருமி நாலாம் நாள் மறுபடியும் கிளம்பும். இம்முறை பழைய மருந்துக்கு அடங்காமலும் போகலாம். வலி நீங்க மனிதருக்கான டைக்ளோஃபினாக் ஊசியைப் போடுவதும் கூடாது. அம்மருந்து போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததால்தான் 2006-ல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. வலிக்கு மெலாக்ஸிகாம் போன்ற மாற்று மருந்துகளைக் கால்நடை மருத்துவர் தருவார்.

சிகிச்சை

வீக்கத்தைக் கண்ட அன்றே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். கொண்டு செல்ல இயலாவிட்டால் 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். சிக்கலான நோய்க்குத் தேனியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் உதவியும் உண்டு.

மருத்துவர் மூட்டிலிருந்து ஊசியால் சிறிது நீர் எடுத்துப் பார்ப்பார். நல்ல மூட்டு நீர் தெளிவாகவும், இரு விரலிடையே இழுத்தால் நூல் போல நீளும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். நோயுற்ற நீர் கலங்கி, தண்ணீராகி, சீழ்த் திவலைகளோடு வரும். தக்க ஆன்டிபயாடிக் மருந்தைத் தேர்ந்து அவர் தொடங்குவார். பெரும்பாலும் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை, சில வேளை அதற்கு மேலும், நாள் தவறாமல் தர வேண்டியிருக்கும். வீக்கம் வடிந்த பிறகும் அவர் சொல்லும் நாள் வரை நிறுத்தக் கூடாது. சீழ் மிகுந்திருந்தால் கிருமி நீக்கிய உப்புக் கரைசலால் மூட்டைக் கழுவி விடுவார். தொப்புளில் சீழ் இருந்தால் அதற்கும் சேர்த்துச் சிகிச்சை செய்ய வேண்டும். ஊற்று அடைபடாமல் ஓடையை இறைத்துப் பயனில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை: காய்ந்த வைக்கோல் மெத்தை, குளிர்காற்று படாத இடம், எழ முடியாத கன்றுக்குத் தாயின் பாலைக் கறந்து புட்டியில் ஊட்டுதல், ஒரே பக்கமாகக் கிடக்காமல் அடிக்கடி திருப்பிப் போடுதல். பல மூட்டுகள் கெட்டு, எலும்பும் அரிக்கப்பட்டுவிட்ட கன்றுக்குப் பிழைப்பு அரிது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நிலைக்கு வராமல் காப்பதுதான் அறிவுடைமை.

கன்று விழுந்த நேரத்தில்

காப்பது எப்படி என்றால், அது கால் மணி நேர வேலை. சினை மாட்டையும் ஆட்டையும் ஈனும் நாளுக்குச் சில நாள் முன்பே தனியே, சாணம் அள்ளிச் சுத்தம் செய்த, காய்ந்த வைக்கோலோ சருகோ பரப்பிய இடத்தில் கட்டுங்கள். கன்று விழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தொப்புள்கொடி தானே அறுந்து குட்டையாக இருந்தால் வெட்ட வேண்டாம். நீளமாகத் தொங்கினாலோ இரத்தம் கசிந்தாலோ, வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, அயோடினில் நனைத்த நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே புது பிளேடால் வெட்டுங்கள். பிறகு வாயகன்ற சிறு கிண்ணத்தில் டிங்சர் அயோடினை ஊற்றி, கொடி முழுவதும் மூழ்கும்படி அரை நிமிடம் பிடியுங்கள். பஞ்சால் தொட்டு வைப்பது போதாது, முங்க வேண்டும். டிங்சர் கிடைக்காவிட்டால் போவிடோன் அயோடின் கரைசலைப் பயன்படுத்தலாம். மூன்று நாட்களுக்குக் காலையும் மாலையும் இவ்வாறு செய்யுங்கள். கிண்ணத்தில் மிஞ்சிய மருந்தைக் குப்பியில் திருப்பி ஊற்றாதீர்கள். சாணம், அடுப்புச் சாம்பல், செம்மண் எதையும் தொப்புளில் அப்பாதீர்கள்.

இரண்டாவது காவல் சீம்பால். மாடு, ஆடு இவற்றின் கருப்பையில் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவுக்குச் செல்வதில்லை. அது முழுவதும் சீம்பாலில்தான் வருகிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றலும் கன்றின் குடலுக்கு ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கே உண்டு. மணிக்கு மணி அது குறைந்துகொண்டே போகும். இளங்கொடி விழட்டும், பிறகு பால் காட்டலாம் என்று காத்திருப்பது நம் ஊர்களில் இன்னும் உள்ள பழக்கம். அந்தக் காத்திருப்பில் கன்றின் கவசம் பறிபோகிறது. இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது உங்கள் விருப்பம். ஆனால் அது விழும்வரை கன்றைப் பட்டினி போடாதீர்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் வயிற்றில் இறங்க வேண்டும். முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு: 20 கிலோ கன்றுக்கு 2 லிட்டர், 2 கிலோ ஆட்டுக்குட்டிக்கு 200 மி.லி. கன்று குடித்து மிஞ்சியதைத்தான் அண்டை வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும்.

வளர்ந்த மாடும் மனிதரும்

வளர்ந்த மாட்டின் முன்முட்டியில் சூடும் வலியும் இல்லாத பெரிய நீர்க்கட்டி இருந்தால், அது கரடுமுரடான தரையில் படுத்ததால் வந்ததாக இருக்கலாம். அதே மாடு சினையின் கடைசி மாதங்களில் கன்று வீசியிருந்தால் புருசெல்லோசிஸ் என்னும் கருச்சிதைவு நோயை நினைக்க வேண்டும். இக்கிருமி மனிதரையும் தொற்றும். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுப்பவருக்கும், காய்ச்சாத பால் குடிப்பவருக்கும் விட்டு விட்டு வரும் காய்ச்சலும் முதுகு, மூட்டு வலியும் உண்டாகும். கையுறையோ பாலித்தீன் பையோ அணிந்து எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள். 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரு முறை இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. தவறவிடாதீர்கள்.

மனிதரின் மூட்டிலும் கிருமி புகுந்து சீழ் வைக்கும். தோட்ட வேலையில் முள்ளோ சிராயோ குத்திய பிறகு முழங்கால் சூடாக வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அல்லது ஒரு குழந்தை காய்ச்சலோடு காலை அசைக்க மறுத்து அழுதால், தைலம் தேய்த்துக்கொண்டு இராமல் அன்றே போடி அரசு மருத்துவமனைக்கோ, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். கன்றுக்குச் சொன்ன கணக்கே இங்கும்: நாள் கடந்தால் மூட்டு போய்விடும்.

ஒரு குப்பியும் ஓர் ஏற்பாடும்

"மலையில் மிளாவும் மானும் குட்டி போடுகின்றனவே, அவற்றுக்கு யார் அயோடின் வைத்தார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மான் தன் குட்டியை ஒரே கொட்டத்தில், நேற்றைய சாணியின் மேல் போடுவதில்லை. சுத்தமான புதர் தேடிப் போகிறது. நாம் கட்டி வைத்த கால்நடைக்கு அந்த உரிமை இல்லை. கட்டி வைத்தவர்தான் சுத்தத்துக்கும் பொறுப்பு.

தொப்புளைக் காத்தால் உயிரைக் காக்கலாம் என்பதற்குச் சான்று நம் வீடுகளிலேயே உண்டு. பச்சிளங் குழந்தைகளைக் கொன்ற தொப்புள் வழி இரணஜன்னி, தாய்க்குத் தடுப்பூசி, சுத்தமான கை, சுத்தமான பிளேடு ஆகியவற்றால் ஒடுக்கப்பட்டது. தாய் சேய் இரணஜன்னியை ஒழித்த நாடாக 2015-ல் இந்தியா அறிவிக்கப்பட்டது. குழந்தைக்குக் கற்ற பாடத்தைக் கன்றுக்கும் செய்வதில் என்ன தடை?

தடை அறியாமை மட்டும் அன்று. விடியுமுன் ஜீப் ஏறும் ஒரு பெண், மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தில் மலை மேல் இருக்கிறார். மருந்தகத்துக்கு வந்து அயோடின் வாங்குங்கள் என்று அவரிடம் சொல்வது எளிது, செய்வது அரிது. ஆகவே மருந்துதான் அவரிடம் போக வேண்டும். மாட்டுக்குச் சினைப் பரிசோதனை செய்யும் நாளிலேயே ஒரு குப்பி அயோடினையும், செய்முறை அச்சிட்ட ஒரு சீட்டையும் கையில் கொடுக்கலாம். ஆடு வளர்ப்போருக்குக் குடற்புழு நீக்க முகாமில் கொடுக்கலாம். பால் கூட்டுறவுச் சங்கங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் வாங்கி வைத்து அடக்க விலைக்கு விற்கலாம். இரண்டு வாரம் ஊசி போட்டு ஒரு கன்றைக் காப்பாற்ற ஆகும் செலவில் பல வீடுகளுக்குக் குப்பி கொடுத்துவிட முடியும். கால்நடை பராமரிப்புத் துறையினர் இதனைப் பரிசீலிப்பார்களாக.

அதுவரை கால்நடை வளர்ப்போர் காத்திருக்க வேண்டியதில்லை. மழைக்காலம் தொடங்குமுன், உங்கள் வீட்டு ஆடு எப்போது குட்டி போடும் என்று நாளைக் கணக்கிடுங்கள். ஒரு குப்பி அயோடின், ஒரு புது பிளேடு, ஒரு நூல்கண்டு, ஒரு சிறு கிண்ணம் ஆகிய நான்கையும் ஒரு டப்பாவில் போட்டு, கொட்டத்து உத்தரத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் தொங்கவிடுங்கள். நள்ளிரவில் குட்டி விழுந்தாலும் கை நீட்டினால் கிடைக்கட்டும்.